மருந்தின் நான்காம் கூறு

(அப்பர் பெருமான் குருபூசையை ஒட்டித் திருக்கோயிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்.



சித்திரைத் திங்கள் சதய நாள் திருநாவுக்கரசர் பெருமான் இறைவனோடு இரண்டறக் கலந்த நாளாகும். இந்நன்னாளில் அவருடைய தொண்டையும் தமிழையும் போற்றிப் பேசுவது வழக்கம். இன்று அடியேன், அவருடைய வாழ்வில் நோய் வந்த பகுதியையும், அந்நோயில் அவருக்குத் துணை நின்ற தமக்கையார் திலகவதியாரையும் எண்ணிப் பார்க்க விழைகின்றேன். அதற்குக் காரணம் உண்டு. திருச்சந்நிதியில் ஒரு கையில் அருச்சனைத் தட்டும் மறு கையில் மருத்துவமனைக் கோப்புமாக நிற்கும் அன்பர்கள் பலரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்களுள் புற்றுநோயோடு போராடுவோர் உண்டு. ஒரு முறை நீங்கிய அந்நோய் மீண்டும் வந்துவிட்டது என்று கலங்கி நிற்போரும் உண்டு. அவர்களுக்கும் அவர்களுடன் வரும் உறவினர்க்கும் ஒரு சொல் கூறுவதே இன்றைய உரையின் நோக்கம்.

நால்வர் கூடியதே மருத்துவம்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் நிறைவுக் குறட்பாவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவும் உழைச்செல்வான் ஆகியவையே அந்நான்கு. நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவனை மருந்துக்கு வெளியே நிற்கும் ஒருவனாக வள்ளுவர் கருதவில்லை; மருத்துவத்திலேயே ஒரு பங்காகக் கருதினார். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் குறையுடையதே.

உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கு கூறுகளையும் நந்நான்காகப் பிரித்துப் பதினாறாக விரிக்கின்றார். நோயாளிக்கு வேண்டியவை பொருள் உடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், தன் நோயின் நிலையை உள்ளபடி உணர்த்தல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. உடனிருப்பவனுக்கு வேண்டியவை நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் திறம், அறிவு என்பன. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விளக்கம் இன்றைய புற்றுநோய் மருத்துவமனைச் சுவரில் எழுதி வைக்கத் தக்கதாக இருக்கின்றது.

புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன்கோயிலை நினைந்து பாருங்கள். அங்கே இறைவன் வைத்தியநாதன். அம்மை தையல்நாயகி தைலப் பாத்திரமும் மருந்தும் ஏந்தி ஐயனோடு வந்தாள் என்பது அத்தலத்தில் வழங்கும் வரலாறு. தீர்ப்பவன் இறைவனேயானாலும் அருகில் மருந்து ஏந்தி நிற்க ஒருவர் வேண்டும் என்பதை அம்மையே நமக்குக் காட்டுகின்றாள் அல்லவா?

தம்பிக்காக வாழ்ந்த தமக்கை

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருணீக்கியாரும். திலகவதியார்க்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அதற்கு முன்பே தந்தையும் தாயும் மறைந்தனர். அடுத்தடுத்து வந்த துயரத்தால் திலகவதியார் தாமும் உயிர் துறக்கத் துணிந்தார். அப்போது தம்பியார் அவர் திருவடிகளில் வீழ்ந்து, தந்தையும் தாயும் இல்லாத தமக்கு அவரே எல்லாம் என்று அழுதார். அந்த அழுகைக்கு இரங்கித் தம்பி வாழ வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தால் திலகவதியார் உயிரைத் தாங்கி இருந்தார். இதனைச் சேக்கிழார் பெருமான் உருக்கமாகப் பாடியுள்ளார்.

பின்னர் மருணீக்கியார் வேறு சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடு விளங்கியதும், அவரைச் சூலை நோய் பற்றியதும், வயிற்றைக் குடைந்த அவ்வலி எம்முயற்சியாலும் தணியாமல் போனதும், இரவோடு இரவாக அவர் திருவதிகையில் இருந்த தமக்கையாரைத் தேடி வந்ததும் நாம் அறிந்தவை. வந்த தம்பியிடம் அக்கையார், "ஏன் பிரிந்து போனாய்?" என்று கணக்குக் கேட்கவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம் போலத் திருப்பணிக்குப் புறப்பட்டபோது, தம்பியையும் வீரட்டானத்து இறைவன் திருமுன் அழைத்துச் சென்றார். 'கூற்றாயினவாறு' எனத் தொடங்கும் திருப்பதிகம் அங்கே பிறந்தது. சூலை நீங்கியது. நாவுக்கரசர் நமக்குக் கிடைத்தார்.

அப்பதிகத்தில் ஒன்று கவனிக்கத் தக்கது. அப்பர் பெருமான் தம் வலியை மறைக்கவில்லை. எங்கே வலிக்கின்றது, எப்படி வலிக்கின்றது, இனித் தாங்க முடியாது என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கின்றார். நோயின் நிலையை உணர்த்தல் என்று பரிமேலழகர் சொன்னது இதுதான். "நான் நன்றாக இருக்கிறேன்" என்று வீட்டாருக்காகப் பொய் சொல்லி வலியை விழுங்கும் தாய்மார்கள் நம்மில் மிகுதி. இறைவனிடமே சொல்லத் தகுந்த வலியை மருத்துவரிடமும் மகளிடமும் சொல்வதில் என்ன குறை இருக்கின்றது?

சூலை நோயும் புற்றுநோயும் ஒன்று என்று அடியேன் கூறவில்லை. பதிகம் ஓதினால் போதும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டா என்றும் கூறவில்லை. அவ்வாறு யாரேனும் கூறினால் நம்பாதீர்கள். வேண்டுதல் நம் உள்ளத்தைத் தாங்கும்; உடலில் வளரும் கட்டிக்கு அறுவையும் கதிரும் மருந்தும் வேண்டும். திருஞானசம்பந்தர் பெருமான் திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது திருநீலகண்டப் பதிகம் பாடினார். எல்லாம் வினை என்று சொல்லிக்கொண்டு, மீளும் வழியை நாடாமல் இருப்பது நமக்குக் குறையல்லவா என்று அப்பதிகத்தில் பிள்ளையார் கேட்கின்றார். ஆதலால் நோயுற்ற ஒருவரைப் பார்த்து, "என்ன பாவம் செய்தாரோ" என்று பேசுவது சைவ நெறி ஆகாது. வழி தேட உதவுவதே சைவ நெறியாகும்.

மீண்டும் வருவது ஏன்?

புற்றுநோய் ஒரு முறை நீங்கிய பிறகு மறுபடியும் தோன்றுவது புதிய செய்தி அன்று. பழைய வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை கட்டியை 'அர்புதம்' என்று குறிக்கின்றது. முன்பு இருந்த இடத்திலேயே மேலும் ஒன்று தோன்றினால் அதற்கு 'அத்யர்புதம்' என்று தனிப் பெயர் தருகின்றது. மிச்சம் வைத்து நீக்கிய கட்டி, அணையாமல் விட்ட நெருப்பைப் போல மீண்டும் எழும் என்றும் எச்சரிக்கின்றது.

இன்றைய மருத்துவம் அந்த மிச்சத்தை உயிரணு அளவில் விளக்குகின்றது. அறுவைக்கும் மருந்துக்கும் தப்பிய சில உயிரணுக்கள், எந்தப் படக்கருவிக்கும் தெரியாத அளவில் உடலில் தங்கிவிடுதல் உண்டு. அவை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் விழிக்கலாம். முன்பு இருந்த இடத்திலேயே எழலாம். அருகில் உள்ள நெறிக்கட்டிகளில் எழலாம். எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற தொலைவான உறுப்புகளிலும் எழலாம். மார்பகப் புற்று எலும்பில் வந்தாலும் அது மார்பகப் புற்றே. மருத்துவமும் அதற்கேற்பவே அமையும்.

இதனால் மூன்று உண்மைகள் விளங்கும். மீண்டும் வந்தது நோயாளியின் குற்றம் அன்று. அது தொடுவதாலோ உடன் உண்பதாலோ பிறரைப் பற்றாது. முதல் முறையோடு மருத்துவம் முடிந்துவிட்டது என்று எண்ணி, மருத்துவர் குறித்த நாளில் மறு ஆய்வுக்குச் செல்லாமல் இருத்தல் கூடாது. புதிய கட்டி, நீங்காத முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல், நாட்பட்ட இருமல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த ஆய்வு நாளுக்குக் காத்திராமல் உடனே சென்று காட்டுதல் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

அடியேன் இப்பொருளைப் பேசத் துணிந்ததற்கு என் தமக்கையார் காரணம். எங்கள் அன்னையார் இளமையிலேயே மறைந்தமையால் என்னை வளர்த்தவர் அவரே. 2009ஆம் ஆண்டு அவருக்கு மார்பகப் புற்று என்று அறிந்தோம். அறுவை நடந்தது. கீமோதெரபி என்னும் மருந்தேற்றல் நடந்தது. ஐந்து ஆண்டுகள் மாத்திரை உட்கொண்டார். நோய் போயிற்று என்று மகிழ்ந்திருந்தோம். 2016இல் பழைய தழும்பின் அருகிலேயே ஒரு சிறு கட்டி எழுந்தது. அதனை நீக்கிக் கதிர் மருத்துவம் செய்தனர். 2020இல் முதுகெலும்பில் வலியாக வந்தது. இன்றும் மருந்தும் ஊசியும் தொடர்கின்றன. நோய் அடியோடு அகன்றது என்று மருத்துவர் சொல்லவில்லை. கட்டுக்குள் இருக்கின்றது என்கின்றார். நீரிழிவோடு பலர் வாழ்வது போல என் தமக்கையார் அந்நோயோடு வாழ்கின்றார். சமைக்கின்றார், பேத்திக்குத் தேவாரம் சொல்லித் தருகின்றார், பிரதோட நாளில் திருக்கோயிலுக்கு வருகின்றார்.

இந்த ஆண்டுகளில் நாங்கள் கண்ட ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். முதல் முறை நோய் வந்தபோது வீடு நிறைய உறவினர் வந்தனர். ஆப்பிளும் ஆர்லிக்சும் கூடத்தில் குவிந்தன. இரண்டாம் முறை வந்தவர்கள் சிலரே. மூன்றாம் முறை தொலைபேசியும் ஒலிக்கவில்லை. அவர்களிடம் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் முறை, "சரியாகிவிடும்" என்று சொன்னவர்கள் அதே சொல்லை மறுபடி சொல்லக் கூசினர். ஆனால் நோயாளிக்குத் துணை மிகுதியாக வேண்டப்படுவது அப்போதுதான். உடல் முன்னைப் போல் தாங்காது. கையிருப்பு கரைந்திருக்கும். அடுத்து என்ன வரும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருப்பதால் அச்சமும் மிகுதியாக இருக்கும்.

2016இல் மறுபடியும் அறுவை என்றதும் என் தமக்கையார், "போதும் தம்பி. உங்களுக்கெல்லாம் எத்தனை முறை பாரமாக இருப்பேன்?" என்றார். எங்களில் எவருக்கும் உடனே விடை சொல்ல வரவில்லை. அவருடைய மகள்தான் அருகில் அமர்ந்து, "அம்மா, நீங்கள் இருந்தால்தான் இது வீடு" என்று சொன்னாள். அன்று மாலை தமக்கையார் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய துணிகளைத் தாமே எடுத்து வைத்தார். தம்பிக்காக உயிர் தாங்கிய திலகவதியாரின் வரலாற்றை அடியேன் பலமுறை மேடையில் சொல்லியிருக்கின்றேன். அதன் முழுப் பொருள் அன்றுதான் விளங்கியது. தாம் வேண்டப்படுகின்றோம் என்னும் உணர்வு நோயாளிக்கு எவ்வளவு பெரிய தாங்கல்!

உடனிருப்போர் செய்யத் தக்கவை

இனி, பரிமேலழகர் கூறிய நான்கையும் இன்றைய நடைமுறையில் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, அன்பு. அன்பு என்பது பெரிய சொற்கள் பேசுவது அன்று. மருந்தேற்றலால் என் தமக்கையாருக்கு முடி உதிரத் தொடங்கியபோது, அவருடைய கணவரும் மகனும் அடியேனும் கோயிலுக்குச் சென்று முடி இறக்கினோம். வீட்டில் நான்கு மொட்டைத் தலைகளைக் கண்ட அவர் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தார். சொல்ல ஒன்றும் தோன்றாவிட்டால் வாளா அருகில் அமர்ந்திருங்கள், அதுவும் போதும். "இன்னாருக்கும் இதே நோய்தான், ஆறே மாதத்தில் போய்விட்டார்" என்னும் கதைகளை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, தூய்மை. மருந்தேற்றலுக்குப் பின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும். அந்நாட்களில் சிறு தொற்றும் பெருந்தீங்காகும். ஆகவே உடனிருப்போர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், நன்கு வெந்த உணவையும் காய்ச்சி ஆறிய நீரையும் தருதல், சளி காய்ச்சல் உடையோர் அருகே வாராதிருத்தல் ஆகியன இன்றியமையாதவை. கூட்டம் மிகுந்த திருவிழா நாளில் கோயிலுக்கு வர இயலவில்லையே என்று நோயாளி வருந்த வேண்டா. வீட்டிலிருந்தே திருநீறு அணிந்து ஐந்தெழுத்தை ஓதினால் வீரட்டானேசுவரர் கேளாதிருப்பாரோ? மனத்தின் தூய்மையும் உண்டு. பணிவிடை செய்துவிட்டுப் பின்னர் அதனைச் சொல்லிக் காட்டாதிருத்தலே அது.

மூன்றாவது, சொன்னவாறு செய்தல். எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எந்த மாத்திரை எந்த நேரத்தில், காய்ச்சல் எவ்வளவு, அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை யாவை என்பனவற்றைத் தமக்கையாரின் மகள் அதில் எழுதி வருகின்றாள். மருந்தேற்றல் நடைபெறும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவை எட்டினால், இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஒருவர் சொன்னார் என்று ஒரு மூலிகையும், மற்றவர் சொன்னார் என்று ஒரு பொடியும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுத்தல் கூடாது. சில பொருள்கள் மருந்தின் வேலையையே கெடுத்துவிடும்.

நான்காவது, அறிவு. வலியைத் தாங்குவது தவம் அன்று. கடும் வலிக்கு மார்பின் முதலிய மருந்துகளை மருத்துவர் அளவறிந்து தருகின்றனர். அம்மருந்தைத் தருவது கைவிட்டதன் அடையாளம் ஆகாது. வலி தணிந்தால்தான் உண்ணவும் உறங்கவும் இயலும். பொருள் உடைமை என்பதற்கும் இன்று வழி உண்டு. தகுதியுடைய குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகின்றது. புற்றுநோய் மருத்துவமும் அதில் அடங்கும். நகையை அடகு வைப்பதற்கு முன் அதைக் கேட்டறிதல் அறிவுடைமையாகும்.

இவற்றோடு அடியேன் ஒன்று சேர்த்துச் சொல்வேன். உடனிருப்போரும் மனிதரே. ஒருவரே இரவும் பகலும் பார்த்துக்கொண்டால் அவரும் நோயாளி ஆகிவிடுவார். முறை வைத்துக்கொள்ளுங்கள். திலகவதியார் நாள்தோறும் விடியலில் திருக்கோயிலில் அலகிட்டு மெழுகிட்டு மலர் தொடுத்தார். அத்தொண்டே அவரைத் தாங்கிற்று. நீங்களும் ஒரு நாழிகையேனும் உங்களுக்கென்று ஒதுக்கிக் கோயிலுக்கு வந்து அமருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே, அந்த ஒரு நாழிகை நோயாளியின் அருகில் இருக்க நீங்கள் முன்வாருங்கள். அதுவும் சிவத்தொண்டே.

தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

உடன்பிறந்தார் அன்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தார். தாமே மருத்துவராக இருந்தும் காப்பாற்ற இயலாத அத்துயரம் அவரை ஓயவிடவில்லை. பல ஆண்டு முயற்சியின் பயனாக 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அங்கே அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் தம் வாழ்நாளையே அப்பணிக்கு ஈந்தனர். 2021 சனவரியில் மறையும் வரை சாந்தா அம்மையார் அம்மருத்துவமனையையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். தன் தங்கைக்குக் கிடைக்காத மருத்துவம் எல்லார் தங்கைக்கும் கிடைக்க வேண்டும் என்று ஒரு தமக்கை எண்ணியதன் விளைவு அது. திலகவதியார் தம் தம்பியை நாட்டுக்கெல்லாம் அப்பராகத் தந்தார். முத்துலட்சுமி அம்மையார் தம் துயரத்தை நாட்டுக்கெல்லாம் மருந்தாக்கித் தந்தார்.

அன்பர்களே! நோய் மீண்டும் வரலாம். அது நம் கையில் இல்லை. நோய் மீண்டும் வரும்போதெல்லாம் நாமும் மீண்டும் வருவது நம் கையில் இருக்கின்றது. உங்கள் தெருவில், உங்கள் உறவில், முன்பு நீங்கள் ஒரு முறை சென்று பார்த்த நோயாளி ஒருவர் இருப்பார். இன்று திருக்கோயிலிலிருந்து வீடு திரும்பும் வழியில் இரண்டாம் முறையாக அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இங்கே பெற்ற திருநீற்றை அவர் நெற்றியில் இடுங்கள். அடுத்த மருத்துவமனை நாள் எது என்று கேட்டு, உடன் வருவதாகச் சொல்லுங்கள்.

நோயுற்றோர் அனைவரும் வலி நீங்கி நலம் பெறவும், அவர்க்குத் துணை நிற்போர் சோர்வின்றி இருக்கவும், மருத்துவர்தம் கைகளுக்கு வெற்றி கிட்டவும், அதிகை வீரட்டானத்துப் பெருமானையும் புள்ளிருக்குவேளூர் வைத்தியநாதனையும் தையல்நாயகி அம்மையையும் வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.